கெர்டியின் பின்னால் நடுங்கும் பாறைகள்: ஊமைக் காலக் கார்ட்டூன்களுக்கு ஓர் அறிமுகம்

கெர்டி என்ற டைனோசரை முதலில் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வின்சர் மக்கே என்ற அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் 1914-ல் வரைந்த படம் அது. இணையத்தில் தேடினால் இலவசமாகவே கிடைக்கும். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு நீளக் கழுத்து எட்டிப் பார்க்கும், கூச்சப்படும், அப்புறம் முழு உடம்போடு வெளியே வந்து ஒரு மரத்தைப் பிடுங்கித் தின்னும். காலைத் தூக்கு என்றால் தூக்கும். திட்டினால் குழந்தை மாதிரி அழும். பக்கத்தில் வந்த மம்மத் யானையைப் பிடித்து ஏரியில் வீசும். தாகம் எடுத்தால் அந்த ஏரியையே குடித்து வற்ற வைத்துவிடும்.

பார்த்தாயிற்றா? சரி, இன்னொரு தடவை ஓட விடுங்கள். இந்தத் தடவை கெர்டியைப் பார்க்காதீர்கள். அவளுக்குப் பின்னால் இருக்கும் பாறைகளையும் ஏரிக்கரையையும் மட்டும் பாருங்கள். கல்லும் கரையும் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும், வெயிலில் தகிக்கும் தார்ச்சாலைக்கு மேலே காற்று நடுங்குவது போல.

காரணம் எளிமையானது. பின்னணியை ஒரே ஒரு முறை வரைந்து வைத்துக்கொள்ளும் வழி மக்கேயிடம் இல்லை. மெல்லிய அரிசித்தாளில் அவர் கெர்டியை வரைய, ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளம் உதவியாளர் ஒவ்வொரு தாளிலும் அதே பாறையை, அதே ஏரியைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தார். பத்தாயிரம் ஓவியங்கள் என்று படமே சொல்கிறது. எவ்வளவு கவனமாக நகலெடுத்தாலும் ஒரு கோடு மயிரிழை தள்ளித்தான் விழும். தாள்களை வேகமாக ஓட்டும்போது அந்த மயிரிழைகள் எல்லாம் சேர்ந்து நடுக்கமாகத் தெரிகின்றன. நான் கணினியில் அந்தக் காட்சியைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்திருக்கிறேன். ஒரே பாறையின் விளிம்பு ஒரு தாளில் சற்றுத் தடித்திருக்கிறது, அடுத்த தாளில் மெலிந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருவரின் கை ஓய்ந்த இடமும் சுறுசுறுப்பான இடமும் கண்ணுக்குத் தெரிவது போல இருந்தது. அன்றிலிருந்து இந்தப் படங்களை விட முடியவில்லை.

ஊமைக் காலக் கார்ட்டூனின் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் அந்த நடுக்கத்தைத்தான் காட்டுவேன். வரைந்த கை அதில் மறையவே இல்லை. இவற்றைச் சேர்ப்பவர்களும் முதலில் பேசுவது அந்தக் கையைப் பற்றித்தான். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: இந்தப் படங்களில் பல, எடுத்த ஸ்டுடியோவின் கிடங்கில் பிழைக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில், பொம்மைகளுக்கு நடுவில் கிடந்து பிழைத்தவை. அதனால் பழைய ரீல் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறவர், பல சமயம் அந்தப் படத்தையே வைத்திருக்கிறார்.

எது ஊமைக் காலம்?

ஏறத்தாழ 1906-லிருந்து 1928 வரை என்று வைத்துக்கொள்ளலாம். 1906-ல் ஜே. ஸ்டுவர்ட் பிளாக்டன் என்பவர் அமெரிக்காவில் கரும்பலகையில் சாக்பீஸால் முகங்களை வரைந்து, அழித்து, மாற்றி, ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடித்தார். 1908-ல் பாரிஸில் எமில் கோல் சுமார் எழுநூறு ஓவியங்களைக் கொண்டு இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு படம் செய்தார். பார்த்தால் கரும்பலகையில் சாக்பீஸ் கோடு போலவே தெரியும். அவர் வரைந்தது என்னவோ வெள்ளைத்தாளில் கறுப்பு மசியால்தான். நெகட்டிவாக அச்சிட்டதால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிட்டன. (இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1892-ல், எமில் ரேனோ கையால் வண்ணம் தீட்டிய படச்சுருள்களைப் பாரிஸில் மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னாளில் மனம் நொந்து அவற்றில் பெரும்பாலானவற்றை சேன் நதியில் எறிந்துவிட்டார். இரண்டு சுருள்கள்தான் மிஞ்சின. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.)

முடிவு 1928 நவம்பர் 18. அன்றுதான் நியூயார்க்கில் வால்ட் டிஸ்னியின் மிக்கி மவுஸ் நீராவிப் படகில் சீட்டியடித்துக்கொண்டு திரைக்கு வந்தது. முதல் ஒலிக் கார்ட்டூன் அதுதான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். சரியல்ல. மேக்ஸ் ஃபிளைஷர் என்ற அமெரிக்கக் கார்ட்டூன்காரர் 1920களின் நடுவிலேயே ஒலியோடு கூடிய பாட்டுக் கார்ட்டூன்களைச் செய்துவிட்டார். ஆனால் மிக்கிக்குப் பிறகுதான் ஒலியில்லாத கார்ட்டூனைத் திரையரங்குகள் சீந்தாமல் போயின.

ஊமை என்றாலும் அரங்கு அமைதியாக இருந்ததில்லை. பியானோவோ ஆர்கனோ வாசித்துக்கொண்டே இருப்பார்கள். கெர்டிக்கு அதையும் தாண்டி ஓர் ஏற்பாடு இருந்தது. பல்சுவை மேடை நிகழ்ச்சியில் மக்கே கையில் சவுக்கோடு திரைக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் கட்டளையிட, திரையில் கெர்டி கீழ்ப்படியும். ஒரு பழத்தை அவர் வீசுவது போலப் பாவனை செய்து கைக்குள் மறைத்துக்கொள்வார், வரைந்த பழம் திரையில் கெர்டியின் வாய்க்குள் போகும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் நடந்து மறைய, அதே நேரத்தில் வரைந்த மக்கே ஒருவர் படத்துக்குள் வந்து கெர்டியின் மேல் ஏறிக்கொண்டு போவார். ஆகவே நாம் இன்று கணினியில் பார்ப்பது அந்த நிகழ்ச்சியின் ஒரு பாதிதான். மறுபாதி சவுக்கோடு நின்றவர்.

தாள், குமிழ், கண்ணாடித்தாள்

கார்ட்டூன் எப்படி அசைகிறது என்பது பலருக்கும் தெரியும். நோட்டுப் புத்தகத்தின் மூலையில் சின்னச் சின்ன மாற்றத்தோடு படம் வரைந்து, தாள்களைச் சடசடவென்று விரலால் விட்டுப் பார்த்திருப்பீர்கள். அதேதான். சிக்கல் வேலையின் அளவில் வந்தது. ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து ஐந்து நிமிடம் எடுக்கலாம். வாரம் ஒரு படம் வேண்டும் என்று திரையரங்கு கேட்டால் என்ன செய்வது?

மூன்று யோசனைகள் வந்தன. முதலாவது ராவுல் பாரே என்ற கார்ட்டூன் ஓவியர் கொண்டுவந்தது: எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி துளை போட்டு, மேசையில் இருக்கும் குமிழ்களில் மாட்டிவிடுவது. தாள் நகராது, படம் குதிக்காது. இரண்டாவதும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான்: அசையும் பகுதி மட்டும் தெரியும்படி மேல் தாளைக் கிழித்து, அசையாத பகுதியைக் கீழ்த்தாளில் விட்டுவிடுவது. மூன்றாவதுதான் உலகத்தை மாற்றியது. ஏர்ல் ஹர்ட் 1914-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த முறை அது. பாத்திரத்தைச் செல்லுலாய்டு என்ற கண்ணாடி போன்ற தாளில் வரைந்து, ஒரே பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படம்பிடிக்கலாம். பாறையைப் பத்தாயிரம் தடவை வரைய வேண்டாம்.

ஹர்டும் ஜான் ராண்டால்ஃப் பிரே என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, அந்த முறையைப் பயன்படுத்தும் ஸ்டுடியோக்களிடம் 1930களின் தொடக்கம் வரை உரிமக் கட்டணம் வசூலித்தார்கள். இதற்கும் சேகரிப்புக்கும் நேரடியாக ஒரு தொடர்பு உண்டு. அந்தச் செல்லுலாய்டுத் தாள் விலை கூடியது. படம்பிடித்து முடிந்ததும் மசியைக் கழுவிவிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். இன்று ஊமைக் காலத்துச் செல்லுலாய்டு ஓவியம் அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை என்றால் அதற்கு இந்தக் கழுவல் ஒரு பெரிய காரணம். அதற்கும் பழையதான கெர்டியின் தாள்களில் சில நூறு இன்னும் இருக்கின்றன. தாளைக் கழுவ முடியாதே!

கறுப்புப் பூனை

இந்தக் காலத்தின் உண்மையான நட்சத்திரம் ஃபெலிக்ஸ். 1919 நவம்பரில் முதல் படத்தில் தோன்றியபோது அதற்கு அந்தப் பெயர்கூட இல்லை. ஸ்டுடியோ முதலாளி பேட் சல்லிவன் பெயரைத்தான் உலகம் பல வருடம் அறிந்திருந்தது. பென்சில் பிடித்தவர் ஓட்டோ மெஸ்மர். அவர் பங்கு 1960களுக்குப் பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. சல்லிவன் தரப்பில் இன்றும் மாற்றுக் கருத்து உண்டு. என் கண்ணுக்கு அந்தக் கோடு மெஸ்மருடையதுதான். 1922-லிருந்து இந்தப் படங்களை விற்றுக்கொடுத்தவர் மார்கரெட் விங்க்ளர். அந்தத் தொழிலில் முதலில் நுழைந்த பெண்களில் ஒருவர். டிஸ்னியின் ஆலிஸ் வரிசைப் படங்களையும் முதலில் எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

ஏன் கறுப்புப் பூனை? தொழில்காரணம்தான். உடம்பு முழுவதையும் கறுப்பாக நிரப்பிவிட்டால் உள்ளே கோடுகள் தேவையில்லை, வேலை மிச்சம். கறுப்பு வடிவம் வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று அசையும். முதலில் கோணல்மாணலாக இருந்த ஃபெலிக்ஸின் உடம்பு போகப்போக உருண்டையானதும் வரைய எளிதாக இருக்கட்டும் என்றுதான். அப்படிச் சிக்கனத்துக்காகச் செய்ததே அழகாகவும் அமைந்துவிட்டது.

1923-ல் வந்த ஃபெலிக்ஸ் படம் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபெலிக்ஸ் ஹாலிவுட்டுக்குப் போகும் கதை. வீட்டுக்காரர் வேலையில்லாத நடிகர், கையில் காசில்லை. ஊரில் ஒரு செருப்புக்கடைக்காரரும் வியாபாரம் படுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். ஃபெலிக்ஸ் என்ன செய்கிறது? சூயிங்கம்மை மென்று தெருவெங்கும் துப்பி வைக்கிறது. நடந்து வருகிறவர்களின் செருப்பெல்லாம் ஒட்டிக்கொள்ள, எல்லோரும் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் 500 டாலர் கொடுக்கிறார். நடிகருக்குப் பயணச் செலவு தயார், ஆனால் அவர் பூனையைக் கூட்டிப்போக மறுக்கிறார். உடனே ஃபெலிக்ஸ் தன் உடம்பையே ஒரு கறுப்புக் கைப்பையாக மடக்கிக்கொள்கிறது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்! அங்கே போய் வாலைப் பிடுங்கிக் கைத்தடியாக்கி சார்லி சாப்ளினைப் போல நடந்து காட்டுகிறது. அந்தப் பக்கம் சாப்ளினே வந்து, என் சரக்கைத் திருடுகிறாயா என்று கோபித்துக்கொள்கிறார்.

பையாக மாறும் அந்தக் கணத்தை நிறுத்திப் பாருங்கள். பூனைக்கும் பைக்கும் நடுவில் சில ஓவியங்கள்தான். கறுப்பு வடிவம் கொஞ்சம் குறுகுகிறது, வால் வளைந்து கைப்பிடியாகிறது, முடிந்தது. நம் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. ஏனென்றால் அது ஆரம்பத்திலிருந்தே மசிதான். பூனையும் மசி, பையும் மசி. ஒரு மசித்துளி இன்னொன்றாக மாறுவதில் என்ன தடை?

இந்தத் துணிச்சலுக்குப் பேச்சில்லாததே துணையாக இருந்தது என்று நினைக்கிறேன். பேச முடியாததால் ஓவியர்கள் பத்திரிகைச் சித்திரக்கதையின் குறிகளை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். வாயருகே பேச்சுக் குமிழி வரும். சந்தேகம் வந்தால் தலைக்கு மேலே கேள்விக்குறி எழும். எழுந்த கேள்விக்குறியை ஃபெலிக்ஸ் எட்டிப் பிடித்துக் கொக்கியாகப் பயன்படுத்தும். 1919-ன் முதல் படத்திலேயே, காதலிக்காக வாசித்த இசையிலிருந்து காற்றில் பறந்த சுரக்குறிகளைப் பிடித்து வண்டியாக்கி இருவரும் ஓட்டிக்கொண்டு போவார்கள். காதில் விழாத இசை, ஏறி உட்காரும் வண்டியாகிவிடுகிறது. ஒலி வந்த பிறகு இந்த வித்தை மெல்ல மங்கிப்போனது, சுரத்தைக் கேட்க முடிந்தபோது அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

ஃபிளைஷர் சகோதரர்களின் கோகோ கோமாளியும் இதே குடும்பம். ஒவ்வொரு படத்திலும் மேக்ஸ் ஃபிளைஷரின் நிஜக் கை மேசையில் வரையும், கோகோ மசிக்கூட்டிலிருந்து எழுந்து வந்து வம்பு செய்வான், முடிவில் மசிக்கூட்டுக்குள்ளேயே திரும்பிவிடுவான். தம்பி டேவ் கோமாளி உடையில் ஆட, அதைப் படம்பிடித்து, ஒவ்வொரு பிரேமின் மேலும் கோடு இழுத்துத்தான் தொடக்ககாலக் கோகோவை அசைத்தார்கள். அதற்கான கருவிக்கு மேக்ஸ் 1915-ல் காப்புரிமை கேட்டார். கோகோவின் நடை மற்ற கார்ட்டூன்களைவிட ஆளை அசத்தும் அளவுக்கு நிஜமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஐரோப்பாவில் இன்னொரு தனி வழி இருந்தது. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையை நுணுக்கமாகக் கத்தரித்து, மூட்டு வைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடியின் மேல் நகர்த்தி, 1923-லிருந்து மூன்று வருடம் உழைத்து ஒரு முழுநீளப் படத்தை முடித்தார். இளவரசன் அஹ்மதின் சாகசக்கதை. முழுதாக இன்று பார்க்கக் கிடைக்கும் அனிமேஷன் முழுநீளப் படங்களில் மிகப் பழையது அதுதான். தோல்பாவைக்கூத்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நிழல்கள் சட்டென்று பிடித்துப்போகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஊமைக் கார்ட்டூன்களில் கறுப்பின மக்களையும் மற்றவர்களையும் இழிவாக வரைந்த காட்சிகள் நிறைய உண்டு. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய மேடைக் கேலியிலிருந்து நேரடியாக வந்த உருவங்கள் அவை. பார்க்கும்போது வலிக்கும். குழந்தைகளுக்குக் காட்டுவதென்றால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அரிது?

அந்தக் காலத் திரையரங்கப் பிலிம் நைட்ரேட் என்ற வகை. படம் வெள்ளிபோல மின்னும், ஆனால் ஆபத்தானது. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. எரியாவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்து, தேன்போல ஒழுகி, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். ஒலி வந்ததும் ஊமைப்படப் பிரிண்டுகளுக்கு மதிப்புப் போனது. அதில் இருக்கும் வெள்ளிக்காகவே பலவற்றை உருக்கினார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட கணக்கின்படி, அந்த நாட்டின் சுமார் 11,000 ஊமை முழுநீளப் படங்களில் 14 சதவீதம்தான் அசல் வடிவில் முழுதாக மிஞ்சியிருக்கின்றன. அது நடிகர்கள் நடித்த படங்களின் கணக்கு. துணைப்படமாக ஓடிய கார்ட்டூனை யார் அந்த அளவுக்குக் கவனித்திருப்பார்கள்?

அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917-ல் எடுத்த படம்தான் உலகின் முதல் முழுநீள அனிமேஷன். 1926-ல் நடந்த ஒரு தீ விபத்தில் அது போனது. நம் நாட்டில் தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை நகர்த்தி ஒரு குறும்படம் எடுத்தார், அதுவும் இன்று இல்லை.

பிழைத்தவற்றுக்குக் கைகொடுத்தது வீட்டுப் புரொஜெக்டர். 1922-ல் பிரான்ஸின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. பிலிமையும், 1923-ல் கோடாக் 16 மி.மீ. பிலிமையும் கொண்டுவந்தன. இரண்டும் எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் வகை. பணவசதி உள்ள வீடுகளில் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சுவரில் படம் காட்டினார்கள். குழந்தைகளுக்குப் பிடித்தது கார்ட்டூன். ஆகவே திரையரங்கில் ஓடி முடிந்த கார்ட்டூன்களைச் சுருக்கி, சிறிய ரீல்களாக விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். ஸ்டுடியோவின் நெகட்டிவ் அழிந்த பிறகும் அந்தப் பொம்மை ரீல் பரணில் பத்திரமாக இருந்தது.

பாத்தேயின் 9.5 மி.மீ. பிலிமைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். துளைகள் ஓரத்தில் இல்லை, இரண்டு பிரேம்களுக்கு நடுவில், சரியாக மையத்தில் ஒற்றைத் துளை. அதனால் படம் கிட்டத்தட்டப் பிலிமின் முழு அகலத்துக்கும் இருக்கும். டைட்டில் வரும் இடத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு வந்ததும் புரொஜெக்டர் பிலிமைச் சில நொடி நிறுத்திக் காட்டும். பிலிம் செலவை மிச்சப்படுத்தச் செய்த தந்திரம். விவரம் தெரியாதவர் அதை ஸ்கேன் செய்தால் டைட்டில் ஒரு மின்னலாக வந்து மறைந்துவிடும்.

சேர்க்க விரும்பினால்

முதலில் எதையும் வாங்காதீர்கள். பாருங்கள். ஐம்பது படமாவது பார்த்த கண்ணுக்குத்தான் எது ஃபெலிக்ஸ், எது ஃபெலிக்ஸைக் காப்பியடித்த பூனை என்று புரியும். கெர்டிக்கே ஒரு போலி உண்டு. மக்கேயின் படம் வந்த ஓரிரு வருடத்தில் வேறொரு ஸ்டுடியோ அதே மாதிரி ஒரு டைனோசரை வரைந்து சுற்றுக்கு விட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். போலியில் கெர்டி அசைகிறாள், அவ்வளவுதான். மக்கேயின் கெர்டி மூச்சு விடுகிறாள், எடை மாற்றி நிற்கிறாள், யோசிக்கிறாள்.

பார்க்கும்போது வேகத்தைக் கவனியுங்கள். ஊமைப்படங்கள் பொதுவாக நொடிக்கு 16 முதல் 20 பிரேம் வேகத்துக்கு எடுக்கப்பட்டவை. அவற்றை இன்றைய 24 பிரேமில் ஓட்டினால் எல்லோரும் பதறிக்கொண்டு ஓடுவது போல இருக்கும். ஃபெலிக்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசனையோடு உலாத்தும் நடை அதில் பாழாகிவிடும். 1923-ல் பிரிட்டனில் அந்த நடையை வைத்துப் பாட்டே போட்டார்கள், அதை அவசரத்தில் பார்க்கக் கூடாது. யூடியூபில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு பியானோ இசையை ஒட்டவைத்திருந்தால் முதல் தடவை அதையும் நிறுத்திவிடுங்கள்.

சேர்ப்பவர்கள் சேர்ப்பது பலவகை. சிலருக்குப் பொம்மை: அமெரிக்காவின் ஷூன்ஹட் நிறுவனம் செய்த, மூட்டு மூட்டாக மடங்கும் மர ஃபெலிக்ஸை விரும்பாதவர் குறைவு. சிலருக்குச் சுவரொட்டி, பாட்டுத்தாள். எனக்கு ரீல்தான். அதிலும் 16 மி.மீ. தான் தொடங்க நல்லது. தீ அபாயம் இல்லை, கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் பிரேம் வெறும் கண்ணுக்கே தெரியும். திரையரங்குகளில் ஓடிய 35 மி.மீ. பழைய பிலிம் கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள். பாதுகாப்பானது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா, நைட்ரேட் என்று இருக்கிறதா என்று தெரியும். நைட்ரேட் என்றால், அல்லது எதுவுமே எழுதவில்லை என்றால், ஆசைப்பட்டு வீட்டில் வைக்காதீர்கள். காப்பகத்தைக் கேளுங்கள். 2003-ல் பூனாவில் நைட்ரேட் கிடங்கு ஒன்று எரிந்து, மீட்க முடியாத இந்தியப் படங்கள் சாம்பலானது நமக்குத் தெரிந்த கதைதான்.

அசிடேட் பிலிமுக்கு வேறொரு நோய் உண்டு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரீலை மற்றவற்றோடு வைக்கக் கூடாது, வாடை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். நம்மூர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இது சீக்கிரமே நடக்கும். குளிர்ந்த, உலர்ந்த இடம் வேண்டும். அப்புறம், பழைய ரீலைக் கிடைத்த புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். வயதான பிலிம் சுருங்கியிருக்கும், துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாமல் வரிசையாகக் கிழியும். முதலில் ஸ்கேன், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்ப வரும். 1926-ன் குறியும் 1946-ன் குறியும் ஒன்றே. தவிர, அது அந்தப் பிரதியின் வயது, கார்ட்டூனின் வயது அல்ல. 1925-ல் வந்த படத்தை 1946-ல் மறுபதிப்பு போட்டிருக்கலாம்.

சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது கொஞ்சம்தான். இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான பிறகு 60 ஆண்டு. அமெரிக்காவில் அந்தக் காலப் படங்களுக்கு 95 ஆண்டு. மிக்கியின் 1928 படகுப் படமே 2024 ஜனவரி 1 அன்று அங்கே பொதுவுடைமை ஆகிவிட்டது. ஆனால் பழைய படத்துக்குப் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கும்.

இந்த வேலையில் ஈடுபடுகிறவர்களுக்கு மிகவும் தலைவலி தருவது பெயர்தான். வீட்டு ரீல் விற்றவர்கள் அசல் டைட்டிலை வெட்டிவிட்டுத் தங்களுக்குப் பிடித்த பெயரை ஒட்டினார்கள். பாதிப் படத்தை வெட்டினார்கள். ஒரே கார்ட்டூன் நான்கு பெயரில் இருக்கும், நான்கு கார்ட்டூன் ஒரே பெயரில் இருக்கும். டிஸ்னி மிக்கிக்கு முன்பு செய்த ஆஸ்வால்டு என்ற முயல் வரிசைதான் இதற்கு நல்ல உதாரணம். 1927-ல் தொடங்கிய அந்த வரிசையில் டிஸ்னி 26 படங்கள் செய்தார். அடுத்த ஆண்டே முயல் அவர் கையைவிட்டுப் போனது, உரிமை அவரிடம் இல்லை. படங்களில் பல காணாமல் போயின. 2014-ல் ஒன்று நார்வேயின் தேசிய நூலகத்தில் அகப்பட்டது, 2015-ல் இன்னொன்று பிரிட்டிஷ் காப்பகத்தில்.

மூன்றாவது ஜப்பானில் கிடைத்தது. வதனபே யசுஷி பள்ளி வயதில் ஒசாகாவில் ஒரு பொம்மை மொத்த வியாபாரியிடம் 500 யென்னுக்கு ஒரு 16 மி.மீ. ரீல் வாங்கினார். பின்னாளில் அவர் ஜப்பானிய அனிமேஷன் வரலாற்றை எழுதும் ஆய்வாளரானார். ரீல் வீட்டிலேயே இருந்தது. ஏறத்தாழ எழுபது வருடம் கழித்து, காணாமல் போன ஆஸ்வால்டு படங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்தபோது அவருக்குப் பொறிதட்டியது. டிஸ்னி காப்பகத்திடம் கேட்டார். ஆமாம், காணாமல் போன ஆஸ்வால்டுதான் என்று உறுதி செய்தார்கள். காதலியோடு காரில் பறக்கும் முயலை மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் துரத்தும் கதை. ஐந்து நிமிடப் படத்தில் இரண்டு நிமிடம் மீண்டது. செய்தி 2018 நவம்பரில் வெளியானது. இத்தனை வருடமும் அந்த ரீலின் மேல் ஒட்டியிருந்த பெயர் மிக்கி.